கியர் பாக்ஸை இறக்கும் முன்: பழைய கார்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. பொள்ளாச்சி வரை ஒழுங்காக விழுந்துகொண்டிருந்த கியர் ஒன்பதாவது வளைவில் முரண்டு பிடித்தால், ஊர் திரும்பியதும் கியர் பாக்ஸை இறக்கிவிடலாம் என்றுதான் அம்பாசிடர், பத்மினி உரிமையாளர்கள் பலரும் முடிவெடுக்கிறார்கள். தவறு அங்கேயே தொடங்குகிறது.

முதலில் எஞ்சினை நிறுத்திவிட்டு, வண்டியைச் சற்றே முன்னும் பின்னும் அசைத்தபடி எல்லாக் கியர்களையும் போட்டுப் பார்க்க வேண்டும். அப்போது எளிதாக விழும் கியர்கள் எஞ்சின் ஓடும்போது மட்டும் மறுத்தால், அதிலும் கிளட்சை மிதித்துச் சில நொடிகள் காத்திருந்த பின்னும் ரிவர்ஸ் கரகரத்தால், கிளட்ச் முழுமையாக விடுபடவில்லை என்று கொள்ளலாம். திரவத்தால் இயங்கும் கிளட்சாக இருந்தால் சிலிண்டரின் ரப்பர் தேய்ந்திருக்கலாம். குழாயில் காற்று புகுந்திருக்கலாம். கம்பியிணைப்பு கொண்டதாக இருந்தால் மூட்டில் உள்ள ஆணியும் (பின்) அதன் துளையும் தேய்ந்து, மிதியின் அசைவில் பாதி வழியிலேயே வீணாகியிருக்கும். மழைக்காலம் முழுவதும் கொட்டகையில் நின்ற காரில் கிளட்ச் தட்டு துருவால் எஞ்சினின் சுழல் சக்கரமான ஃபிளைவீலோடு ஒட்டிக்கொள்வதும் உண்டு. இவற்றில் எதற்கும் கியர் பாக்ஸைத் திறக்க வேண்டியதில்லை.

எஞ்சின் நின்றிருக்கும்போதும் கியர் விழ மறுத்தால், அடுத்துப் பார்க்க வேண்டியது கியர் கம்பிகளையும், அவற்றின் மூட்டுகளில் உள்ள சிறு குழல்களான புஷ்களையும்தான். ஸ்டியரிங் தண்டில் கியர் கொண்ட வண்டிகளில் கைப்பிடிக்கும் பாக்ஸுக்கும் இடையே பல மூட்டுகள் இருப்பதால், ஒவ்வொன்றிலும் உண்டான சிறு ஆட்டம் சேர்ந்து பெருங்குறையாகிறது. ஒரு பத்மினியின் பாக்ஸை நானே முழுதாகப் பிரித்து மாட்டிய பிறகுதான், தேய்ந்த ஒரே ஒரு புஷ்ஷே காரணம் என்று கண்டேன். அந்த இரண்டு நாள் உழைப்பை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

எண்ணெய் விஷயத்தில் நிகழும் தவறுகள் இன்னும் கெடுதலானவை. கியர் பற்களின் இரைச்சலை அடக்க, பின் அச்சிலுள்ள பல்சக்கரத் தொகுதியான கிரவுனுக்கு உரிய கெட்டி எண்ணெயை கியர் பாக்ஸிலும் ஊற்றிவிடுவார்கள். ஜிஎல்-5 தர எண்ணெய்களில் மிகுதியாக உள்ள கந்தக, பாஸ்பரஸ் சேர்மங்கள் பித்தளை, வெண்கல சின்க்ரோ வளையங்களை (கியர் விழும் முன் சுழற்சி வேகத்தைச் சமப்படுத்துபவை) அரிக்கக்கூடும். வளையம் கியரின் பக்கத்திலுள்ள கூம்பைப் பற்றுவதற்குத் தேவையான உராய்வும் குறைந்து, கியர் மாறும்போது அரைக்கத் தொடங்கும். வண்டியின் கையேடு சொல்லும் எண்ணெயையே ஊற்ற வேண்டும். வடிக்கும் திருகைத் தொடுவதற்கு முன் நிரப்பும் திருகு கழல்கிறதா என்று பார்ப்பதும் முக்கியம். எண்ணெயை வடித்த பின் அது கழல மறுத்தால், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும்.

பாக்ஸை இறக்கியே ஆக வேண்டுமென்றால், திரும்ப மாட்டும்போது அதன் எடையை ஜாக்கி தாங்க வேண்டும். உள்தண்டு கிளட்ச் தட்டின் நடுவில் நுழைந்த நிலையில் பாக்ஸைத் தொங்கவிட்டால் தட்டு வளைந்துவிடும். புதிதாகப் போட்ட கிளட்சும் பழைய குறையையே காட்டும்.

கோவை லேத்துப் பட்டறைகளில் கடைந்து தர முடியாத உருப்படி இல்லை என்பது நம் பக்கத்துப் பெருமை. புஷ், பின் ஆகியவற்றுக்கு அந்தப் பெருமை பொருந்தும். சின்க்ரோ வளையத்தின் உட்புறமோ, நுண்ணிய வரிகளும் துல்லியமான சாய்வும் கொண்டது. கண்ணளவில் கடைந்த பித்தளை வளையம் கூம்பின் மீது முழுதாகப் படியாது. வளையத்தைக் கூம்பில் அழுத்தி, அதற்கும் கியரின் பற்களுக்கும் இடையே உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் (மெல்லிய தகடுகளாலான அளவுகோல்) அளந்த பிறகே மாட்ட வேண்டும்.

பழைய அம்பாசிடரின் முதல் கியருக்குச் சின்க்ரோவே கிடையாது. ஓடும் வண்டியில் அது கரகரப்பதைப் பழுது என்று எண்ணி, கொண்டை ஊசி வளைவில் வலுவாகத் தள்ளுவோர் பற்களையே உடைக்கிறார்கள். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு எடுத்து, கிளட்சை விட்டு ஆக்சிலரேட்டரைச் சற்றே அழுத்தி, மீண்டும் கிளட்சை மிதித்து முதல் கியரைப் போட்டால் ஓசையின்றி விழும். அதுவும் வளைவுக்குள் நுழைவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும்.