லொறி வந்து இறங்கிய பிறகு வங்கிக்குப் போகாதீர்கள்

யாழ்ப்பாணம் ஐந்துசந்தியில் கடை வைத்திருப்பவரோ, சுன்னாகத்தில் ஹாட்வெயார் நடத்துபவரோ, இஸ்லாமிய வங்கி முறையில் வட்டிக் கடனுக்குப் பதிலாக வரும் தவணை விற்பனையான முராபஹாவுக்கு முதல் தடவை போகிறவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில்தான் கால் இடறுகிறார்கள். முஸ்லிம் வியாபாரிகள் மட்டுமல்ல, வட்டி வேண்டாம் என்று வரும் மற்றவர்களும் அப்படித்தான். வங்கிப் பக்கத்தில் புதிதாகச் சேர்ந்த உத்தியோகத்தர்களும் அவர்களைத் தடுப்பதில்லை. 1988ஆம் ஆண்டின் வங்கித்தொழில் சட்டத்தை 2005இல் திருத்தித்தான் இந்த முறைக்கு இலங்கையில் வழி திறந்தது. அமானா வங்கி 2011 ஓகஸ்டில் தொழில் தொடங்கியது. வழமையான வங்கிகள் சிலவும் இதற்கெனத் தனிப் பிரிவு வைத்திருக்கின்றன. இத்தனை வருடமாகியும் அடிப்படையிலேயே பிழை விடுவது மனதை உறுத்துகிறது.

அடையாள அட்டைப் பிரதி, வியாபாரப் பதிவு போன்றவற்றை உங்கள் கிளையிலேயே சொல்வார்கள். அவற்றை இங்கே விட்டுவிடுவோம்.

சரக்கை வாங்கிவிட்டு முராபஹா கேட்பது

முராபஹா கடன் அல்ல, விற்பனை. வங்கி ஒரு பொருளை வாங்கித் தன் உடைமையாக்கி, வாங்கிய விலையையும் வைக்கும் இலாபத்தையும் வெளிப்படையாகச் சொல்லி, உங்களுக்குத் தவணைக்கு விற்கிறது. கையில் இல்லாததை விற்க முடியாது என்பதுதான் இதன் உயிர்.

ஒரு ஹாட்வெயார் கடைக்காரருக்கு 400 பை சீமெந்து தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குக்காகப் பை 2,000 ரூபாய் என்றால் மொத்தம் 8,00,000. வங்கி 36,000 இலாபம் வைத்து, மூன்று மாதத் தவணைக்கு 8,36,000க்கு விற்க உடன்படுகிறது. காகிதத்தில் எல்லாம் சரி. ஆனால் அவர் திங்கட்கிழமையே விநியோகத்தருக்குப் போன் பண்ணிச் சரக்கைக் கேட்டுவிட்டார். புதன்கிழமை புத்தளத்திலிருந்து வந்த லொறி கடைவாசலில் இறக்கிவிட்டுப் போனது. பற்றுச்சீட்டு அவருடைய பெயரில். வெள்ளிக்கிழமை வங்கிக்குப் போய் ஐந்து பத்திரத்தில் ஒரே மூச்சில் கையெழுத்து வைக்கிறார். அந்த நேரம் 150 பை வீடு கட்டுபவர்களிடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

அன்றைக்கு வங்கி எதை விற்றது? எதையுமில்லை. 8,00,000 ரூபாயைக் கொடுத்து 8,36,000 ரூபாயைத் திருப்பிக் கேட்கிறது. எதை விட்டு விலக அவர் வந்தாரோ அதே வட்டி, அரபுப் பெயர் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. ஷரீஆ (இஸ்லாமியச் சட்டம்) கணக்காய்வில் இது பிடிபட்டால் வங்கி அந்த 36,000ஐத் தன் வருமானமாக எடுக்க முடியாது, தருமத்துக்குக் கொடுக்க வேண்டும். கடைக்காரருக்கோ பணத்தை விடப் பெரிய நட்டம்.

சரியான வரிசை இதுதான். முதலில், இன்ன பொருளை வங்கி வாங்கினால் நான் வாங்குவேன் என்ற வாக்குறுதி. வங்கி உங்களையே தன் முகவராக நியமிக்கலாம். அப்படியானால் முகவர் பத்திரம் அடுத்தது. கொட்டேசனும் பற்றுச்சீட்டும் வங்கியின் பெயரில் வர வேண்டும். பணம் வங்கியிலிருந்து நேரே விநியோகத்தருக்குப் போக வேண்டும், உங்கள் கணக்குக்கு வரக்கூடாது. சரக்கு இறங்கியதும் எண்ணிப் பார்த்து, வங்கிக்காகப் பெற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கொடுங்கள். அதன் பிறகுதான் வங்கி விலை சொல்லி விற்க, நீங்கள் ஏற்கிறீர்கள். ஏற்கும் வரைக்கும் ஒரு பையைக்கூட விற்காதீர்கள், உங்கள் சொந்த வேலைக்கும் பிரிக்காதீர்கள். திகதியும் நேரமும் இந்த ஒழுங்கிலேயே இருக்க வேண்டும்.

ஏ9 வீதியில் மழை பெய்து சீமெந்து நனைந்தால்? முகவரான உங்கள் கவனக்குறைவு இல்லையென்றால் நட்டம் வங்கிக்கு. அந்தச் சில மணிநேர அபாயத்தைத் தாங்குவதால்தான் அதன் இலாபம் மார்க்கத்தில் ஆகுமானதாகிறது. ஒரே நாளில் எல்லாப் பத்திரத்தையும் முடித்துத் தருகிறோம் என்று சொல்லும் உத்தியோகத்தர் உங்களுக்கு உதவி செய்யவில்லை.

விநியோகத்தருக்கு முற்பணம் கொடுத்துவிட்டீர்களா? அந்தக் கொள்வனவை இரத்துச் செய்து, பணத்தைத் திருப்பி வாங்கி, வங்கி புதிதாக வாங்கட்டும். உங்கள் உறுதிப்பாட்டைக் காட்ட வங்கியிடம் வைப்புப் பணம் வைக்கலாம். நீங்கள் பின்வாங்கினால் உண்மையான நட்டத்தை மட்டும்தான் அதிலிருந்து கழிக்கலாம். சரக்கு இறங்கியே விட்டதென்றால் அதை விட்டுவிடுங்கள். அடுத்த லொறிக்குத் தொடங்குங்கள். உங்கள் தம்பியின் கடையிலிருந்து வாங்குவதாகக் காட்டிப் பணத்தை மட்டும் சுற்றுவதும் இதே பிழைதான்.

நகைக்கடைக்கு முராபஹா

கிடையாது. தங்கத்தைத் தவணைக்கு விற்கக்கூடாது. கஸ்தூரியார் வீதிக் கடைக்காரர்கள் பங்குடைமையான முஷாரகா பற்றிக் கேளுங்கள்.

பழைய தவணையை அடைக்கப் புதிய முராபஹா

செய்யாதீர்கள். கடனை நீட்டிக் கூட்டுவது அப்பட்டமான ரிபா, அதாவது வட்டி.

தாமதக் கட்டணத்தை வங்கியின் வருமானம் என்று நினைப்பது

அது தருமக் கணக்குக்குப் போக வேண்டியது. போகிறதா என்று கேளுங்கள்.

அடைவுக் கூலியைப் பார்க்காமல் விடுவது

எங்கள் ஊரில் அவசரத்துக்கு நகையைத்தான் அடைவு வைக்கிறோம். வட்டியில்லாமல் பணம் கொடுத்து, நகையைப் பாதுகாக்க மட்டும் கூலி எடுக்கும் முறை உண்டு. ஒரே காப்பை வைத்து 50,000 எடுத்தாலும் 1,00,000 எடுத்தாலும் கூலி ஒன்றாக இருக்க வேண்டும். பெட்டகத்தில் காப்பு பிடிக்கும் இடம் ஒன்றுதானே. எடுக்கும் தொகையோடு கூலியும் ஏறினால் அது வட்டி.

முழாரபா வைப்பை நிலையான வைப்பு என்று விற்பது

முழாரபா என்றால் உங்கள் பணத்தை வங்கி தொழிலில் போட்டு, வரும் இலாபத்தை உங்களோடு பிரித்துக்கொள்வது. 60க்கு 40 என்று எழுதுவது அந்த இலாபத்தைப் பிரிக்கும் விகிதம். போன மாதம் கிடைத்த வீதத்தைக் காட்டலாம், வரும் மாதத்துக்கு வாக்குக் கொடுக்க முடியாது. புதிய உத்தியோகத்தர்கள் இலக்கை எட்டும் அவசரத்தில் இதைச் சொல்லாமல் விடுகிறார்கள். ஓய்வூதியப் பணத்தை வைக்க வரும் ஐயாவிடம் இதை முதல் வசனமாகச் சொல்லுங்கள்.

பங்குக் காணியில் வீட்டு முஷாரகா

குறைந்து செல்லும் முஷாரகாவில் வங்கியும் நீங்களும் சேர்ந்து சொத்துக்கு உடைமையாளராகி, வங்கியின் பங்கை நீங்கள் மெல்ல மெல்ல வாங்குகிறீர்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களின் குடும்பக் காணி பல, வாரிசுகள் பிரிக்காமலே கிடக்கிறது. பிரிக்காத காணியில் ஒரு பங்கை வெளியாருக்கு விற்கும்போது மற்றப் பங்காளிகளுக்கு, வடக்கின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி முதலில் வாங்கும் உரிமை எழலாம். வங்கியும் வெளியார்தான். விண்ணப்பப் படிவத்தை நிரப்ப முன்னரே உறுதியை நொத்தாரிசிடம் காட்டி, காணிப் பதிவகத்தில் தேடுதல் செய்து, புத்தளத்திலோ கொழும்பிலோ இருக்கும் பங்காளிகளின் சம்மதத்தை எழுத்தில் வாங்குங்கள்.