முப்பது ஹெட்போன், ஒரே வகுப்பு: இசைத் தொழில்நுட்பப் பாடத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கம்ப்யூட்டர் லேபில் இசைத் தொழில்நுட்பம் எடுத்த முதல் நாளை நினைத்தால் இன்றும் கூச்சமாக இருக்கிறது. ப்ரொஜெக்டரைப் போட்டு, மென்பொருளின் மெனுவை இடமிருந்து வலமாக ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டிருந்தேன். ஃபைல், எடிட், ட்ராக், மிக்ஸ் என்று இருபத்தைந்து நிமிடம் போய்விட்டது. அதற்குள் கடைசி வரிசையில் ஒரு மாணவர் டிரம் லூப் (திரும்பத் திரும்ப ஓடும் தயார் இசைத்துண்டு) ஒன்றைக் கண்டுபிடித்து முழுச் சத்தத்தில் ஓடவிட, எல்லோரும் திரும்பிப் பார்த்துச் சிரிக்க, மணி அடித்துவிட்டது. இசை வகுப்பு என்று பேர். அன்று அந்த அறையில் கேட்ட இசை அந்த லூப் மட்டும்தான்.

அதற்குப் பிறகு நான் செய்த தவறுகளையும் மற்றவர்கள் செய்யக் கண்டவற்றையும் சேர்த்துப் பார்த்தால், பெரும்பாலானவை ஒரே இடத்திலிருந்து கிளம்புகின்றன. பாடத்தைத் திரையிலிருந்து தொடங்குகிறோம், காதிலிருந்து தொடங்குவதில்லை. ஒரே ஒருவருக்குச் சொல்லித்தரும்போது இது அவ்வளவாக உறைக்காது. முப்பது பேரை வைத்து நடத்தினால் ஐந்தே நிமிடத்தில் பல்லிளித்துவிடும்.

மெனுவை நடத்துவது

கணினியைத் திறக்கும் முன் பலகையில் 16 கட்டம் போடுங்கள். 1980-ல் வந்த ரோலண்ட் டிஆர்-808 டிரம் மெஷினின் கீழ்வரிசையில் இருந்ததும் 16 பொத்தான்கள்தான். இன்றைய மென்பொருள்கள் பலவற்றில் பீட் போடும் கட்டங்கள் அந்த வழியில் வந்தவை.

வகுப்பை மூன்றாகப் பிரியுங்கள். முதல் குழு 1, 9 ஆகிய கட்டங்களில் காலால் தரையைத் தட்டட்டும். இரண்டாவது குழு 5, 13-ல் கை தட்டட்டும். மூன்றாவது குழு ஒற்றைப்படைக் கட்டங்கள் எல்லாவற்றிலும் விரலால் மேசையைத் தட்டட்டும். டெம்போ 80 (நிமிடத்துக்கு 80 எண்ணிக்கை, ஒவ்வொன்றுக்கும் நாலு கட்டம்) என்று வைத்தால் ஒரு சுற்றுக்கு 3 விநாடி ஆகும். டிரம் செட்டின் மொழியில் கால்தட்டு கிக் (அடித்தொனிப் பெரிய டிரம்), கைதட்டு ஸ்நேர் (சுளீரென்று ஒலிக்கும் டிரம்), விரல்தட்டு ஹை-ஹாட் (ஜோடித் தட்டு). நாலைந்து சுற்று நிலைத்ததும், பேசாமல் பலகைக்குப் போய் 9-ஆம் கட்டத்தில் கால் குழுவுக்காகப் போட்ட புள்ளியை அழித்து 11-ல் வையுங்கள். முதலில் தடுமாறுவார்கள், பிறகு பிடித்துக்கொள்வார்கள். ஒரே ஒரு புள்ளி நகர்ந்ததில் நடையே மாறியது எல்லோருக்கும் உடம்பில் தெரிந்திருக்கும். அதன்பிறகு கணினியைத் திறந்தால் “சார், எதை அழுத்தணும்?” என்று கேட்கிறவர்கள் குறைந்து, “காலை எங்கே வைக்கலாம்?” என்று கேட்கிறவர்கள் கூடுவார்கள்.

முதல் நாளைக்கு பிளே, ஸ்டாப், அண்டூ மூன்றும் போதும். மற்ற பொத்தான்கள் தேவை வரும்போது வரட்டும்.

இன்னொன்று. புதிய ப்ராஜெக்டைத் திறந்ததும் பல மென்பொருள்கள் டெம்போவை 120 என்றும் தாளத்தை நான்கெண்ணிக்கை என்றும் தாமாகவே வைத்துவிடும். மாற்றலாம் என்று யாரும் சொல்லாவிட்டால், வகுப்பு மொத்தமும் வருடம் முழுக்க அதிலேயே இசையமைக்கும். மூன்றெண்ணிக்கையில் ஒரு பாடமாவது சீக்கிரமே வைத்துவிடுவது நல்லது.

ஹெட்போனை மாட்டிவிட்டு விட்டுவிடுவது

தலைமையாசிரியர் எட்டிப் பார்த்தால் பாராட்டுகிற வகுப்பு இது. பூரண அமைதி, எல்லோர் கண்ணும் திரையில். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று ஆசிரியருக்கும் தெரியாது, பக்கத்து நாற்காலிக்கும் தெரியாது. முப்பது பேர் முப்பது தனி அறைகளில் உட்கார்ந்திருக்கிறார்கள், சுவர்தான் இல்லை. ஓவிய வகுப்பில் நடந்துகொண்டே முப்பது தாளையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். இங்கே ஒவ்வொரு ஹெட்போனையும் வாங்கிக் காதில் வைத்தால்தான் தெரியும். ஒருவருக்கு ஒரு நிமிடம் என்றாலும் பாடவேளை காலி.

அதனால் இரண்டு பேருக்கு ஒரு கணினி, ஒலியை இரண்டாகப் பிரிக்கும் ஒரு ஸ்ப்ளிட்டர், இரண்டு ஹெட்போன் என்பதையே நான் விரும்புகிறேன், கணினி போதுமான அளவு இருந்தாலும். ஒருவர் மவுஸைப் பிடிப்பார். மற்றவர் கேட்டு, “அது கொஞ்சம் முன்னாடி வருது” என்று சொல்வார். ஏழெட்டு நிமிடத்துக்கு ஒருமுறை கை மாற வேண்டும். மாற்றச் சொல்லாவிட்டால் மவுஸ் யாரிடம் இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். பாதி வகுப்பில் “ஹெட்போன் கழுத்துக்கு!” என்று ஒரு குரல். ஒரு ஜோடி செய்ததை ஸ்பீக்கரில் போட்டு எல்லோரும் கேட்க வேண்டும், முடிந்ததை இல்லை, அரைகுறையாக இருப்பதை. “நல்லா இருக்கா?” என்று கேட்டால் “நல்லா இருக்கு” என்றுதான் பதில் வரும். “இரண்டாவது சுற்றில் புதிதாக என்ன சேர்ந்தது? எது நின்றுபோனது?” என்று கேட்டுப் பாருங்கள். அரைமணி நேரமாகத் தன் லூப்பையே கேட்டுக்கொண்டிருந்த காது அப்போதுதான் விழிக்கும்.

சத்தத்தின் அளவு தனிப் பிரச்சினை. உலக சுகாதார அமைப்பும் ஐ.நா.வின் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019-ல் வெளியிட்ட தரநிலை, பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபல் என்றும், பிள்ளைகளுக்கு அதே 40 மணி நேரத்துக்கு 75 டெசிபல் என்றும் வரம்பு வைக்கிறது. 3 டெசிபல் கூடினால் பாதுகாப்பான நேரம் பாதியாகும். 75-லிருந்து 87-க்கு ஏற்றினால் 40 மணி இரண்டரை மணியாகச் சுருங்கிவிடும். அறையில் பேச்சுச் சத்தம் கூடக் கூட, பிள்ளைகள் அதை அமுக்க வால்யூமை ஏற்றுவார்கள். காதை முழுக்க மூடும் ஹெட்போன் வாங்கச் சொல்வது இதற்காகத்தான். ப்ளூடூத் ஹெட்போன் வேண்டவே வேண்டாம். முப்பதையும் ஒரே அறையில் இணைக்கும் கூத்து ஒருபுறம். கீயை அழுத்திய பிறகு நூறு, இருநூறு மில்லிவிநாடி கழித்துச் சத்தம் வருவது இன்னொருபுறம்.

“உனக்குத் தாளம் வரலை”

தாமதம் என்றதும் ஒரு பையன் நினைவுக்கு வருகிறான். கீபோர்டில் பீட் வாசிக்கச் சொன்னேன். ஒவ்வொரு அடியும் தள்ளித் தள்ளி விழுந்தது. தாளம் காட்டும் மெட்ரோனோமின் சத்தத்தைக் கூட்டி வைத்தேன், அருகில் நின்று கைதட்டிக் காட்டினேன், கடைசியில் வாய் தவறி அந்த வார்த்தையைச் சொல்லியும்விட்டேன். மறு வாரம் அதே கணினியில் வேறொரு மாணவி உட்கார்ந்தாள். பல வருடம் வீணை வாசித்தவள். அவளும் தடுமாறினாள். அப்போதுதான் செட்டிங்ஸைத் திறந்து பார்த்தேன். பஃபர், அதாவது கணினி ஒலியை வெளியே விடும் முன் சேர்த்துவைக்கும் அளவு, 2048-ல் இருந்தது.

விநாடிக்கு 44,100 சாம்பிள் (ஒலியின் மிகச் சிறு அளவீடு) என்ற கணக்கில் 2048 சாம்பிள் என்பது 46 மில்லிவிநாடி. கணினியின் மற்றத் தாமதங்கள் இதற்கு மேல். பாட்டுக் கேட்கும்போது இது ஒரு பொருட்டே இல்லை. வாசிக்கிறவருக்கு மணலில் ஓடுவது போல இருக்கும். 256-க்குக் குறைத்தால் 6 மில்லிவிநாடிக்கும் கீழே வந்துவிடும். 128 இன்னும் நல்லது, ஆனால் பழைய கணினிகள் படபடவென்று சத்தம் போடத் தொடங்கும். விண்டோஸ் என்றால் ஒலித் தாமதத்தைக் குறைக்கும் ஆசியோ (ASIO) டிரைவர் இருக்கிறதா என்றும் பாருங்கள். எல்லா வாசிப்பையும் பதிவுசெய்து முடித்து, ஒலிகளின் அளவைச் சமன்செய்யும் மிக்ஸிங்குக்கு வந்ததும் பஃபரை மறுபடி ஏற்றிக்கொள்ளலாம்.

அந்தப் பையனிடம் மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லை சார்” என்றான். ஆனால் அதற்கப்புறம் கீபோர்டு பக்கம் அவன் அதிகம் போகவில்லை. ஒவ்வொரு கணினியிலும் நானே உட்கார்ந்து நாலு அடி வாசித்துப் பார்த்த பிறகுதான் இப்போது வகுப்பைத் திறக்கிறேன்.

லூப்பை நம்பிவிடுவது

தயார் லூப்புகளை எப்படி அடுக்கினாலும் நன்றாகத்தான் இருக்கும். ஒன்றோடு ஒன்று பொருந்த வேண்டும் என்றே அவற்றைச் செய்திருக்கிறார்கள். கராஜ்பேண்ட், பேண்ட்லேப் போன்ற இசை மென்பொருள்களில் பத்து நிமிடத்தில் ரேடியோவில் போடும்படி ஏதோ ஒன்று வந்துவிடும். பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி, பெற்றோருக்குப் பெருமை. “இதில் உன்னுடையது எது?” என்று கேட்டால்தான் சங்கடம்.

லூப்பைத் தடைசெய்யச் சொல்லவில்லை. முதல் வாரத்தில் அது தரும் உற்சாகத்தை வேறெதுவும் தராது. ஒரு லூப்தான் அனுமதி, மற்றதெல்லாம் சொந்தமாக என்று ஒரு வரம்பு போடலாம். அல்லது ஒரே லூப்பை நாலு துண்டாக வெட்டி, இடம் மாற்றி, ஒரு துண்டைத் தலைகீழாக ஓடவிட்டு, மூல லூப் அடையாளம் தெரியாதபடி மாற்றச் சொல்லலாம். இது புதிய யோசனையும் இல்லை. 1948-ல் பாரிஸில் பிரெஞ்சு இசையமைப்பாளர் பியர் ஷேஃபர் ரயில் சத்தங்களை இசைத்தட்டில் பதிந்து, துண்டாக்கி, திரும்பத் திரும்ப ஓடவிட்டு இசை செய்தார். பள்ளியில் ரயில் இல்லாவிட்டால் கதவு இருக்கிறது, சாக்பீஸ் இருக்கிறது, படிக்கட்டில் இறங்கும் செருப்பு இருக்கிறது.

மறுபக்கம், “உங்களுக்குப் பிடித்ததைச் செய்யுங்கள்” என்று விடுவதும் பிசகு. வெற்றுத் திரையைப் பார்த்தபடியே பாதிப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். மூன்று ட்ராக் (ஒலி வரிசை), எட்டு பார் (தாளச் சுற்று), நாலே சத்தம் என்று வேலி போட்டால் உடனே கை ஓடும்.

மிடியையும் ஆடியோவையும் குழப்புவது

“நான் பாடினதைப் புல்லாங்குழலா மாத்த முடியலையே, அவன் வாசிச்சது மட்டும் மாறுது?” இந்தக் கேள்வி எல்லா வகுப்பிலும் வரும். மழுப்பாமல் அப்போதே விளக்கிவிடுங்கள். 1983-ல் தரப்படுத்தப்பட்ட மிடி (MIDI) என்ற இசைக் கருவிகளின் தகவல் மொழியில் சத்தமே கிடையாது. எந்தக் கீ, எப்போது அழுத்தினார், எவ்வளவு வேகமாக, எப்போது விட்டார் என்ற தகவல்தான். நடு சி-க்கு எண் 60. அழுத்தும் வேகத்துக்கு 127 வரை. அது ஸ்வரம் எழுதிய தாள் மாதிரி, எந்த வாத்தியக்காரரிடமும் கொடுக்கலாம். ஆடியோ என்பது பாடியதையே பதிந்த டேப். ஒரே மெட்டை இரண்டு விதமாகவும் பதிந்து, இரண்டிலும் வாத்தியத்தை மாற்றப் பார்க்கச் சொல்லுங்கள். டெம்போவை மாற்றிக் காட்டினால் இந்த வேறுபாடு சரியாகத் தெரியாது, இப்போதைய மென்பொருள்கள் ஆடியோவையும் இழுத்துச் சரிசெய்துவிடும்.

சேவ் செய்ததாக நினைப்பது

சேவ் செய்தால் ப்ராஜெக்ட் கிடைக்கும், எக்ஸ்போர்ட் செய்தால்தான் பாட்டு கிடைக்கும். இது புரியாமல் வீட்டுக்கு எடுத்துப்போய்த் திறக்க முடியாமல் அழுத பிள்ளைகள் ஏராளம். ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளின் பழைய பதிப்புகளில் ப்ராஜெக்ட் கோப்பு தனி, உண்மையான ஒலி இருக்கும் டேட்டா ஃபோல்டர் தனி. பென் டிரைவில் முதலாவதை மட்டும் எடுத்துப்போனவர்களுக்கு உள்ளே ஒன்றும் இருக்காது. 2021-ல் வந்த 3.0 பதிப்பு எல்லாவற்றையும் ஒரே கோப்பாக்கியது. லேபில் இன்னும் பழையது இருந்தால் மாற்றிவிடுங்கள்.

இடத்துக்கும் கணக்கு வேண்டும். சிடி தரத்தில் ஒரு நிமிட ஸ்டீரியோ பதிவு ஏறக்குறைய 10 எம்பி. முப்பது பேர், ஆளுக்கு மூன்று நிமிடம், ஒரே ஒரு ட்ராக் என்றாலே 1 ஜிபியை நெருங்கும். குரலை மோனோவில் (இரண்டுக்குப் பதில் ஒரே ஒலித்தடத்தில்) பதிந்தால் பாதி மிச்சம். பிரவுசரில் ஓடும் மென்பொருள்களில் சேமிக்கும் தலைவலி குறைவு, ஆனால் முப்பது பேரும் ஒரே நேரத்தில் திறக்கும்போது நெட் தாங்குகிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். 13 வயதுக்குக் கீழ் உள்ளவர்களை நேரடியாகக் கணக்குத் திறக்க விடாத சேவைகள் பல. பள்ளிக் கணக்கு வசதி இருந்தால் அதன் வழியே போங்கள். கடைசி ஐந்து நிமிடம் சேவ் செய்வதற்கும், கோப்புக்கு வரிசை எண்ணோடு பேர் வைப்பதற்கும் மட்டும்.

மெருகுக்கு மதிப்பெண் போடுவது

வீட்டில் லேப்டாப்பும் நல்ல மைக்கும் இருக்கிற பிள்ளையின் வேலை பளபளவென்றுதான் இருக்கும். அதற்கே முழு மதிப்பெண் என்றால் மற்றவர்கள் எதைக் கற்க வேண்டும் என்றே தெரியாமல் போய்விடும். நான் இரண்டு பதிப்பு கேட்கிறேன், போன வாரத்தது ஒன்று, இந்த வாரத்தது ஒன்று. நடுவில் எதை மாற்றினாய், ஏன் மாற்றினாய் என்று அரை நிமிடம் பேச வேண்டும். அதோடு நான் சொல்லும் ஒரு ட்ராக்கை ம்யூட் செய்துவிட்டு, எது குறைந்தது என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். ஒரு மாணவி தன் பாட்டில் ஹை-ஹாட்டை ம்யூட் செய்து கேட்டாள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “இப்படியே விட்டுடறேன் சார்” என்றாள்.