கள்ளிச்செடி அழுகாமல் வளர

கள்ளியும், தடித்த இலையிலும் தண்டிலும் தண்ணீரைச் சேர்த்து வைக்கும் சக்குலன்ட் வகைகளும் வெயிலில் சாவதைவிட, நாம் பாசத்தில் ஊற்றும் தண்ணீரில் சாவதுதான் அதிகம். அதனால் கிழமை பார்த்து ஊற்றாதீர்கள். ஓர் ஈர்க்குச்சியைத் தொட்டியின் அடிவரை செருகி எடுத்துப் பாருங்கள். மண் ஒட்டிக்கொண்டு வந்தால் ஈரம் இருக்கிறது, விட்டுவிடலாம். காய்ந்து சுத்தமாக வந்தால் மட்டும், அடித்துளையில் வடியும்வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள்.

மண்ணுக்கு நான் போடும் கணக்கு: செம்மண், கரடான மணல், உடைத்த செங்கல் துண்டு, மூன்றும் சம பங்கு. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொட்டிகளை சன்ஷேடுக்கு அடியில் நகர்த்திவிட வேண்டும்.

அப்புறம், முதல்முறை வளர்ப்பவர்களுக்கு நான் சொல்வது ரணகள்ளிதான். முற்றிய இலை ஒன்றைப் பறித்து ஈர மண்மேல் சும்மா படுக்க வையுங்கள். சில வாரங்களில் இலை ஓரத்துப் பள்ளங்களில் நூல் மாதிரி வேரும், மிளகளவு குட்டி இலைகளும் எட்டிப் பார்க்கும். ஒரே இலையில் பல செடிகள்! காலையில் எழுந்ததும் அதைப் போய்ப் பார்க்காமல் இருக்க முடியாது. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் கட்டாயம் காட்டுங்கள்.

மற்ற கள்ளிகளைத் துண்டாக வெட்டி நடுவதானால், வெட்டிய இடம் காய்ந்து தோல் கட்டும்வரை நிழலில் ஒரு வாரம் வைத்திருந்து நடுங்கள். திருகுகள்ளி போலப் பால் வடிபவற்றுக்குக் கையுறை அவசியம். அந்தப் பால் கண்ணில் படவே கூடாது.