டெல்லியில் வேலையா? முதலில் பின்கோடைப் பாருங்கள்

சேலத்தில் யாரைக் கேட்டாலும் "பையன் டெல்லியில இருக்கான்" என்பார்கள். விசாரித்தால் பாதிப் பேர் டெல்லியிலேயே இருக்க மாட்டார்கள். ஓசூரில் வேலை பார்த்துக்கொண்டு பெங்களூர் என்று சொல்கிற அதே கதைதான், ஆனால் அங்கே நாலைந்து ஓசூர். நொய்டா, காசியாபாத் உத்தரப் பிரதேசம். குருகிராம், ஃபரீதாபாத் ஹரியானா. ராஜஸ்தானின் அல்வரையும் சேர்த்து என்.சி.ஆர்., அதாவது தேசியத் தலைநகர்ப் பகுதி என்கிறார்கள், அதற்கென 1985-ல் தனிச் சட்டமே போட்டிருக்கிறார்கள்.

அதனால் ஆஃபர் லெட்டரில் சம்பளத்தைப் பார்த்த கையோடு பின்கோடையும் பாருங்கள். 110 என்று ஆரம்பித்தால் டெல்லி. 122 குருகிராம், 121 ஃபரீதாபாத், 201 என்றால் நொய்டா அல்லது காசியாபாத்.

அப்புறம் இந்த செக்டார், அதாவது நம்பர் போட்ட ஏரியா. வெறும் "செக்டார் 15" என்று யாராவது சொன்னால் எந்த ஊர் என்று கேட்காமல் கிளம்பாதீர்கள், நொய்டாவிலும் உண்டு, குருகிராமிலும் உண்டு, ஃபரீதாபாத்திலும் உண்டு. நான் முதல் தடவை ரயிலில் இரண்டு ராத்திரி கழித்துப் புது டெல்லியில் இறங்கி, பழுத்து வாசம் தூக்கிய மல்கோவா பெட்டியோடு மெட்ரோ ஏறி, ராஜீவ் சௌக்கில் நீல வழிக்கு மாறி, நொய்டா செக்டார் 15 ஸ்டேஷனில் ஜம்மென்று இறங்கினேன். நண்பன் ரூம் இருந்ததோ குருகிராமில். திரும்ப ராஜீவ் சௌக் வந்து மஞ்சள் வழியைப் பிடித்தேன், பெட்டியின் அடி அதற்குள் ஈரமாகிவிட்டது.

ரூம் விஷயத்தில் என் யோசனை: வேலை நொய்டா என்றால் மயூர் விஹாரில் தேடுங்கள். அது டெல்லிக்குள் வருகிறது, தமிழ்க் குடும்பங்கள் நிறைய, முதல் ஃபேஸ் ஸ்டேஷனிலிருந்து மூன்றாவது நிறுத்தமே நொய்டா செக்டார் 15. வேலை குருகிராம் என்றால் மயூர் விஹாரில் ரூம் எடுக்காதீர்கள், தினமும் நகரத்தைக் குறுக்கே தாண்ட வேண்டிவரும். மஞ்சள் வழி ஓரமாகவே பாருங்கள்.

வண்டியைக் கொண்டுபோவதாக இருந்தால் இங்கே ஆர்.டி.ஓ.வில் என்.ஓ.சி. (தடையில்லாச் சான்று) வாங்கிவிடுங்கள். டிஎன் 30 நம்பரோடு 12 மாதத்துக்கு மேல் ஓட்ட முடியாது, மாற்றியாக வேண்டும். மாற்றும்போது ரூம் இருக்கிற மாநிலம்தான் கணக்கு, ஆபீஸ் இருக்கிற மாநிலம் இல்லை. டெல்லி என்றால் டிஎல், நொய்டா என்றால் யுபி 16, குருகிராம் என்றால் எச்ஆர் 26. அதனால் ரூம் முடிவாகும் வரை வண்டி சேலத்திலேயே நிற்கட்டும்.