பெட்ரோல் கேனுக்கும் மூச்சு வேண்டும்

15 கிலோ எண்ணெய் டின்னைத் திறக்கத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்லப்போவதில் பாதி ஏற்கெனவே தெரியும். ஒரு மூலையில் ஆணி வைத்து ஓர் ஓட்டை, எதிர் மூலையில் இன்னொன்று. ஒன்றில் எண்ணெய் வரும், மற்றதில் காற்று போகும். ஒரே ஓட்டையோடு சாய்த்தால் விக்கி விக்கி வந்து தரையெல்லாம் எண்ணெயாகும். என் மாமனார் விருதுநகரில் எண்ணெய்க் கடை வைத்திருந்தவர். இந்த ஊர் பெட்ரோல் கேனைக் கையில் வாங்கி நாலு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்வி: “ஏம்மா, இது எந்த வழியா மூச்சு விடும்?”

இந்த ஊர் என்றால் அமெரிக்காவின் டெக்சாஸில், ஹூஸ்டனுக்கு மேற்கே இருக்கிற கேட்டி. நாள் 2024 ஜூலை 8. அன்று விடிகாலை பெரில் புயல் கரையைக் கடந்தது. ஹூஸ்டன் வட்டாரத்தில் 20 லட்சத்துக்கும் மேலான இணைப்புகளில் கரன்ட் போனது. வீட்டுக்காரர் பெங்களூரில். வீட்டில் நானும் மாமாவும், 2021 பிப்ரவரிக் கடுங்குளிரில் கரன்ட் போனதற்குப் பிறகு வாங்கிப்போட்ட ஜெனரேட்டரும், இரண்டு 5 கேலன் (சுமார் 19 லிட்டர்) சிவப்புக் கேன்களும். புயல் போனதும் வெளியே புழுக்கமும் வெயிலும். முதல் தடவை ஊற்றியபோது கால்வாசி ஜெனரேட்டருக்குள் போனது. மிச்சம் என் செருப்புக்கும் மாமாவின் வேட்டிக்கும் போனது. சிந்தவே சிந்தாது என்று அந்தக் கேனிலேயே எழுதியிருந்தது.

ஏன் இப்படி? பழைய கேன்களில் பின்பக்கம் சின்னதாக ஒரு காற்று மூடி இருக்கும். அதை யாரும் ஒழுங்காக மூடுவதில்லை, பெட்ரோல் ஆவி இரவும் பகலும் வெளியேறி ஊர்க்காற்றைக் கெடுத்தது. அந்தக் குறை உண்மைதான், மறுக்கவில்லை. கலிஃபோர்னியா 2001லேயே கட்டுப்பாடு கொண்டுவந்தது. பிறகு 2009 ஜனவரி முதல் நாடு முழுக்க, கேனிலிருந்து ஒரு நாளைக்கு ஒரு கேலனுக்கு 0.3 கிராமுக்கு மேல் ஆவியாகக் கூடாது என்று சுற்றுச்சூழல் துறை விதி வைத்தது. தனியாகக் காற்று வழி கூடாது என்று அந்த விதி சொல்லவில்லை. ஆனால் ஓட்டை இருந்தால் கசிய இன்னோர் இடம் ஆயிற்றே. கம்பெனிகள் அதையே எடுத்துவிட்டன. பெட்ரோல் வெளியே வருவதும் காற்று உள்ளே போவதும் இப்போது ஒரே மூக்கு வழியாக. 2025 ஜூலையில் அதே துறை, காற்றுத்துளையைத் திரும்ப வையுங்கள் என்று கம்பெனிகளைக் கேட்டுக்கொண்டது. கடைக்கு எல்லாம் அது வந்து சேரும்வரை நம் கையில் இருப்பதை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும்.

ஊற்றுவதற்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு, முதல் நாள் அதுதான் எனக்குத் தெரியாமல் போனது. வெயிலில் இருந்த கேன் உப்பியிருக்கும். அப்படியே சாய்த்து பொத்தானை அமுக்கினால் பீய்ச்சி அடிக்கும். கேனைத் தரையில் நிமிர்த்தி வைத்து, மூடிமேல் துணி போட்டு, மெதுவாகத் திருகுங்கள். ‘உஸ்’ என்று அடங்கட்டும், குக்கர் விசிலைத் தூக்குவதற்கு முன் காத்திருக்கிற மாதிரி. அடங்கின பிறகு மறுபடி இறுக்கி மூடிவிட்டு ஊற்றலாம். முகத்தைக் கிட்டே கொண்டுபோக வேண்டாம்.

ஜெனரேட்டரை அணைத்து குறைந்தது 15 நிமிஷம் ஆற விடுங்கள். சைலன்சர் சூட்டில் நாலு சொட்டு விழுந்தால் போதும், தீப்பிடிக்க. உள்ளே ஃபிரிட்ஜில் மாவு புளிக்கிறதே என்று அவசரப்படத் தோன்றும். மாவு போனால் போகட்டும்.

அடுத்து, உங்கள் கேனின் மூக்கு எந்த ஜாதி என்று பாருங்கள். பெரும்பாலும் இரண்டுதான். ஒன்றில் மூக்கின் அடியில் ஒரு கொக்கி இருக்கும். அதை டேங்க் விளிம்பில் மாட்டி, கேனின் மொத்த எடையையும் அழுத்தினால்தான் ஸ்பிரிங் பின்வாங்கித் திறக்கும். நிறைந்த 5 கேலன் கேன் 16 கிலோ வரும். அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் விளிம்பில் அழுத்துவது, நடுவில் குளுக் குளுக் என்று கேன் குதிப்பது, இதையெல்லாம் யோசித்துப் பார்த்த ஒருவர் அந்தக் கம்பெனியில் இருந்திருக்க மாட்டார். இன்னொன்று கட்டைவிரலால் பூட்டைத் தள்ளி பொத்தானை அமுக்கும் வகை. வாங்குவதாக இருந்தால் இதை வாங்குங்கள். கடையிலேயே காலிக் கேனை ஒரு கையால் பிடித்து, மற்ற கை விரலால் பத்து தடவை அமுக்கிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். விரல் வலித்தால் அந்தக் கேன் உங்களுக்கு இல்லை.

அளவிலும் நான் தப்புப் பண்ணினேன். 5 கேலன் ஒன்றுக்குப் பதில் சின்னதாக இரண்டு வாங்கியிருக்க வேண்டும். இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறேன். பெரிய கேன்தான் இருக்கிறதென்றால் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள்.

ஊற்றும்போது பாதியில் நின்றுவிடுகிறதா? கெட்டுப்போகவில்லை. என் கேனில் மூக்கு நுனியிலேயே காற்று போகிற சின்னத் துளை இருக்கிறது. அது பெட்ரோலில் முழுகினால் காற்று நிற்கும், காற்று நின்றால் பெட்ரோலும் நிற்கும். டேங்க் நிரம்பினதும் தானே நிற்பதற்கான ஏற்பாடு அது. சிக்கல் என்னவென்றால் ஜெனரேட்டர் வாயில் ஒரு வடிகட்டி இருக்கும். பெட்ரோல் அதில் தேங்கி, டேங்க் காலியாக இருக்கும்போதே துளையை மூடிவிடும். மூக்கை வடிகட்டிக்குள் ஆழமாகச் செருகாமல் மேலாகப் பிடித்து, பொத்தானைப் பாதி மட்டும் அமுக்கி ஊற்றினால் சீராக வரும். இதைக் கண்டுபிடித்தது மாமா. மூன்றாம் நாள்.

குலுக்கினால் தானாக ஓடுகிற டியூப் ஒன்று விற்கிறார்கள். நுனியில் பித்தளைக் குப்பியும் அதற்குள் ஒரு குண்டும் இருக்கும். கேனை ஸ்டூல்மேல், டேங்கைவிட உயரத்தில் வைத்து, டியூபை உள்ளே விட்டு மேலும் கீழும் ஆட்டினால் பெட்ரோல் தானே இறங்கும். பழைய கேன் உள்ளவர்களுக்கு இதைவிடச் சுலபம் வேறில்லை. ஆனால் 2023 ஜூலை 12க்குப் பிறகு செய்த கேன்களில், வெளியே இருக்கிற தீப்பொறி உள்ளே பாயாமல் இருக்க வாயில் ஒரு சல்லடை வைத்தாக வேண்டும் என்பது சட்டம். டியூப் அதில் இடிக்கும். பக்கத்து வீட்டுக்காரர் குறடு வைத்து அதைப் பிடுங்கி எறிந்தார். கேனின் முதுகில் டிரில் போட்டு ஒரு வால்வும் வைத்துக்கொண்டார். நன்றாகத்தான் ஊற்றுகிறது. இருந்தாலும் அந்த வேலையை நான் செய்யவில்லை, உங்களையும் செய்யச் சொல்ல மாட்டேன். மற்ற எரிச்சல்களை எவ்வளவு திட்டினாலும் தகும். அந்தச் சல்லடை கை வெந்துபோகாமல் இருப்பதற்கு. வாயால் உறிஞ்சி டியூபில் இழுக்கிற ஊர்ப் பழக்கமும் வேண்டாம்.

பணம் போட முடியும் என்றால் இரட்டை வாய் இரும்புக் கேன் இருக்கிறது. ஒன்றில் நிரப்ப, மற்றதில் வளைகிற குழாயோடு ஊற்ற. விலை பிளாஸ்டிக் கேனைவிடப் பல மடங்கு. சொன்னால் ஆச்சரியம், ஜெர்மன் ராணுவம் 1930களில் செய்த 20 லிட்டர் ஜெரிகேனில், கழுத்துக்குள்ளேயே காற்றுக் குழாய் வைத்திருந்தார்கள். ஜெர்மன்காரனுக்கு ஆங்கிலேயச் சிப்பாய் வைத்த பட்டப்பெயர்தான் ஜெரி. கிட்டத்தட்ட 90 வருஷத்துக்கு முந்தைய டப்பா இன்றைய டப்பாவைவிட ஒழுங்காக ஊற்றுகிறது என்றால் என்ன சொல்வது.

பங்க்கில் நிரப்பும்போது (இங்கே பெட்ரோலுக்கு கேஸ் என்று பேர், மாமா முதல் நாள் சிலிண்டர் என்றே நினைத்தார்) கேனைக் காருக்குள்ளேயே வைத்து நிரப்பாதீர்கள். தரையில் இறக்கி, பம்பின் மூக்கு கேன் வாயைத் தொட்டபடி இருக்க, மெதுவாகப் பிடியுங்கள். இல்லையென்றால் மின்பொறி பறக்கலாம். வேகமாகப் பிடித்தால் சல்லடையில் மோதித் திரும்ப முகத்துக்கு வரும். தளும்ப நிரப்பாமல் மேலே கொஞ்சம் இடம் விடுங்கள், வெயிலில் பெட்ரோல் விரியும். பெட்ரோலுக்குச் சிவப்பு, டீசலுக்கு மஞ்சள், மண்ணெண்ணெய்க்கு நீலம். கலரை மாற்றிப் பிடிக்க வேண்டாம்.

வைக்கிற இடம். டெக்சாஸ் வீடுகள் பலவற்றில் தண்ணீர் காய்ச்சும் கேஸ் ஹீட்டர் (இது எரிவாயு கேஸ்) கராஜில்தான் நிற்கும், உள்ளே எப்போதும் ஒரு சின்னச் சுடரோடு. பெட்ரோல் ஆவி காற்றைவிட கனம், தரையோடு ஊர்ந்து அங்கே போய்ச் சேரும். என் கேன்கள் தோட்டத்து ஷெட்டில், நிழலில். ஜெனரேட்டர் ஓடுவதும் வீட்டிலிருந்து 20 அடி தள்ளி, புகை ஜன்னல் பக்கம் திரும்பாமல்.

புயல் வராத வருஷம் என்றால் பெட்ரோல் பழசாகிவிடும். எத்தனால் கலந்தது, ஈரம் இழுக்கும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை காரில் ஊற்றிவிட்டுப் புதிதாகப் பிடிக்கிறேன். புதுக் கார்கள் சிலவற்றில் மூடி இல்லாத டேங்க் வாய் உண்டு, உள்ளே ஒரு தகடுதான் அடைத்திருக்கும். கேன் மூக்கு அந்தத் தகட்டைத் திறக்காது. காரோடு கொடுத்த ஒரு புனல் டிக்கியில் ஸ்டெப்னி பக்கம் கிடக்கும், தேடிப் பாருங்கள்.

சிந்தினால் தண்ணீர் அடிக்காதீர்கள், பரவும். பூனை மணலைக் கொட்டி ஊற விட்டு அள்ளுங்கள். பெட்ரோல் பட்ட துணியை டிரையரில் போடவே கூடாது. மாமாவின் வேட்டி பின்பக்க வேலியில் மூன்று நாள் தொங்கியது. நாலாம் நாள் கரன்ட் வந்தது. ஐந்தாம் நாள், வேலியில் துணி காயப்போடக் கூடாது என்று குடியிருப்புச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது.