மடியில் பற்றுப் போடும் முன்

கறவை மாடு வளர்க்கத் தொடங்கி ஓராண்டுகூட நிறையாத இளைஞர் ஒருவர், மடி வீங்கிய தம் மாட்டுக்கு மூன்று நாளாக மூலிகைப் பற்றுப் போட்டு வருவதாக அண்மையில் என்னிடம் சொன்னார். மாட்டின் உடல் வெப்பம் எவ்வளவு என்று கேட்டேன். அவர் அளக்கவே இல்லை. பல ஆண்டுகளுக்கு முன் நானும் அளக்காமல் இருந்து ஒரு மாட்டை இழந்தவன் என்பதால், அந்தப் பதில் என்னைத் தூங்கவிடவில்லை. ஆன்டிபயாடிக்கைக் குறைக்க வேண்டும் என்ற அவருடைய எண்ணம் சரியானது. நானும் அதே எண்ணத்தோடுதான் பண்ணை நடத்துகிறேன். கைகளைக் கழுவாமல் பால் கறப்பது போன்ற, எல்லோரும் அறிந்த பிழைகளை விட்டுவிட்டு, இந்த எண்ணத்தோடு வருபவர்கள் செய்யும் தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

நோயை அறியாமல் மருந்தை மாற்றுவது

சோற்றுக்கற்றாழை, மஞ்சள், சிறிதளவு சுண்ணாம்பு ஆகியவற்றை அரைத்து மடியில் பூசும் முறையை நான் குறை சொல்லவில்லை. அது வீக்கத்தைத் தணிப்பதைக் கண்டிருக்கிறேன். ஆனால் மடிநோய் என்பது ஒரே நோயன்று. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் அகலாக்டியே என்னும் கிருமி மடியிலேயே வாழ்ந்து, கறப்பவரின் கை வழியாக மாட்டுக்கு மாடு தாவும். அது ஆன்டிபயாடிக்குக்கு நன்றாகக் கட்டுப்படும் என்பதால், அங்கே மருந்தை மறுப்பது மற்ற மாடுகளுக்கும் நோயைப் பரப்புவதாகும். ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ் மடித் திசுவுக்குள் சீழ்க்கட்டிகளாகப் பதுங்கிக்கொள்வதால் பற்றும் ஊசியும் அதைப் பெரும்பாலும் எட்டுவதில்லை. அந்த மாட்டைத் தனியே, கடைசியாகக் கறக்க வேண்டும். ஈ.கோலை என்னும் குடல் கிருமியால் வரும் லேசான மடிநோயிலோ, கணிசமான மாடுகள் தம் சொந்த எதிர்ப்பாற்றலாலேயே கிருமியை ஒழித்துவிடுகின்றன.

தவறு தொடங்கும் இடம் இந்த மூன்றாவது வகைதான். முதல் மாட்டுக்கு லேசான நோய் வருகிறது, பற்றுப் போடுகிறோம், அடிக்கடி பாலைப் பீய்ச்சி வெளியேற்றுகிறோம், மூன்று நாளில் மடி மெத்தென்று ஆகிவிடுகிறது. அதை முழுக்க முழுக்கப் பற்றின் வெற்றியாக எண்ணிக்கொள்ளும் மனம், அடுத்து வரும் கடுமையான நோயிலும் அதே மூன்று நாள் காத்திருக்கச் சொல்கிறது.

எனக்கு நேர்ந்தது அதுதான். இரண்டாம் ஈற்று மாடு, கன்று ஈன்று பத்து நாள்கூட ஆகவில்லை. மாலையில் பின் மடியின் ஒரு பகுதி கல்லாக இறுகியிருந்தது. பீய்ச்சியபோது பால் வரவில்லை, மோர்த்தெளிவைப் போல மஞ்சளான நீரும், பால் திரிந்த துணுக்குகளான சில திரிகளும் வந்தன. இரவு முழுவதும் பற்றுப் போட்டேன். காலையில் காதைத் தொட்டுப் பார்த்தேன்; குளிர்ந்திருந்தது. காய்ச்சல் இறங்கிவிட்டது என்று மகிழ்ந்தேன். உண்மையில் ஈ.கோலையின் நச்சு ரத்தத்தில் கலந்து, ரத்த ஓட்டம் தளர்ந்து, மாடு அதிர்ச்சி நிலைக்குப் போய்க்கொண்டிருந்ததன் அடையாளம் அந்தக் குளிர்ச்சி. அசைபோடுவது நின்றிருந்ததையும், கண்கள் குழிவிழுந்திருந்ததையும் நான் கண்டும் பொருட்படுத்தவில்லை. நண்பகலில் மாடு படுத்தது, பிறகு எழவே இல்லை. வந்த மருத்துவர் சிரைவழி நீரேற்றமும் வீக்கமடக்கியும் ஆன்டிபயாடிக்கும் கொடுத்தும், நேரம் கடந்திருந்தது.

ஆகவே பற்றை அரைக்கும் முன் ஆசனவாயில் தெர்மாமீட்டரை வையுங்கள். வளர்ந்த மாட்டின் வெப்பம் 38.5 டிகிரி செல்சியஸை, அதாவது 101.3 டிகிரி பாரன்ஹீட்டை, ஒட்டியிருக்கும். அதிலிருந்து நன்றாக ஏறினாலும் இறங்கினாலும், தீவனம் எடுக்காவிட்டாலும், பால் நீராக வந்தாலும் மருத்துவரை உடனே அழைக்க வேண்டும். மாடு உற்சாகமாக இருந்து பாலில் மட்டும் திரி தென்பட்டால், காம்பு நுனியைத் துடைத்துச் சுத்தமான குப்பியில் மாதிரி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். பாலில் உள்ள கிருமியை வளர்த்து அடையாளம் காணும் வளர்ப்புச் சோதனை பெரும்பாலும் ஒரு நாளில் முடிவு சொல்லிவிடும். ஆன்டிபயாடிக்கை நியாயமாகத் தவிர்க்கக்கூடிய மாடு எது என்பதைச் சொல்வது அந்த முடிவுதான். என் பண்ணையில் மருந்துச் செலவு குறைந்ததும் அதன் பிறகே.

காம்புத் துளைக்குள் வீட்டுச் சாற்றைச் செலுத்துவது

ஒருபோதும் கூடாது, அது பூஞ்சைகளுக்கு நீங்களே திறந்துவிடும் கதவு.

தலையைத் தூக்கிப் பிடித்துக் கஷாயம் ஊற்றுவது

மூக்கு, கண் மட்டத்துக்கு மேல் உயரும்போது மாட்டால் சரியாக விழுங்க முடியாது. கஷாயம் மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரல் அழற்சியை உண்டாக்கும். வயிற்றுக் கோளாற்றுக்கு ஊற்றிய மருந்தால் மாடு நெஞ்சுச் சளியில் செத்ததை நான் பார்த்திருக்கிறேன். சிறிது சிறிதாக, கடைவாய் ஓரத்தில் ஊற்றி, இருமினால் உடனே தலையை விட்டுவிட வேண்டும்.

இயற்கைப் பொருள் தீங்கு செய்யாது என்று நம்புவது

வெங்காயத்தை அதிகமாகத் தின்ற மாட்டின் சிவப்பணுக்கள் உடைந்து சிறுநீர் கருஞ்சிவப்பாக வரும். கற்றாழையின் தோலுக்கடியில் கசியும் மஞ்சள் பால் கடுமையான பேதியை உண்டாக்கும். மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) மாட்டைவிடச் செம்மறி ஆட்டுக்கு மிகவும் ஆபத்தானது. சுண்ணாம்பு கூடினால் காம்புத் தோல் வெந்துபோகும்.

புண்ணைக் கழுவாமல் மஞ்சள் தூவுவது

மேலே பொருக்குக் கட்டும், உள்ளே சீழ் பெருகும்.

தொடங்கிய ஆன்டிபயாடிக்கைப் பாதியில் நிறுத்தி மூலிகைக்கு மாறுவது

மருத்துவரைக் கேட்காமல் செய்யாதீர்கள். மருந்து கலந்த பாலை விற்காமல் கழிக்க வேண்டிய நாள்களையும் குறைக்காதீர்கள்.

நோய் வந்த பிறகே மாற்றைத் தேடுவது

டென்மார்க் 1999-க்குள் பன்றித் தீவனத்தில் வளர்ச்சியூக்கியாகக் கலந்த ஆன்டிபயாடிக்குகளை நிறுத்தியபோது, பால் மறந்த குட்டிகளுக்குக் கழிச்சல் கூடியது. அங்குள்ள பண்ணையாளர்கள் தாயிடமிருந்து குட்டியைப் பிரிக்கும் வயதைத் தள்ளிப்போட்டு, தீவனத்தையும் கொட்டில் சுகாதாரத்தையும் திருத்தி அதைச் சமாளித்தார்கள். கன்றுகளிலும் வழி இதுவே. கழிச்சலுக்குப் பெரும்பாலும் ரோட்டா வைரஸோ கிரிப்டோஸ்போரிடியம் என்னும் ஒட்டுண்ணியோ காரணமாக இருக்கையில், உயிரைக் காப்பது உப்பும் சர்க்கரையும் கலந்த நீரேற்றக் கரைசல். அதற்கும் முந்தியது சீம்பால்: கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கை, பிறந்த முதல் சில மணி நேரத்துக்குள் குடிக்க வைக்க வேண்டும். நோய் எதிர்ப்புப் புரதங்களை உள்ளே விடும் குடல் ஏறத்தாழ 24 மணி நேரத்தில் மூடிக்கொள்கிறது. அதற்குப் பின் எத்தனை லிட்டர் கொடுத்தாலும் அது கன்றுக்கு உணவாகுமே தவிர, ரத்தத்தில் எதிர்ப்பாற்றலாகச் சேராது.