கப் கணக்கைக் கிராமுக்கு மாற்ற, முதலில் கப்பை அளந்துகொள்ளுங்கள்

கேக் குறிப்பில் வரும் ‘1 கப்’, அமெரிக்கக் குறிப்பென்றால் சுமார் 240 மி.லி.; ஆஸ்திரேலியக் குறிப்பென்றால் 250. தஞ்சாவூர், கும்பகோணம் வீடுகளில் கைக்கு முதலில் வருவது டம்ளரோ ஆழாக்கோதான். ஆழாக்கு கணக்குப்படி 168 மி.லி.; ஆனால் எல்லா வீட்டு ஆழாக்கும் அந்தக் கணக்குக்கு நிற்காது.

எந்தப் பாத்திரமானாலும் சோதிப்பது சுலபம். காலிப் பாத்திரத்தைத் தராசில் வைத்து ‘டேர்’ பட்டனை அழுத்திச் சுழியாக்குங்கள். விளிம்பு மட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். தராசு காட்டும் கிராம்தான் அதன் மி.லி.

240 மி.லி. கப்புக்கு எடை ஏறத்தாழ இப்படி வரும்:

மைதா – 125 கிராம்
சர்க்கரை – 200
பொடித்த சர்க்கரை – 120
ரவை – 170
வெண்ணெய் – 227
எண்ணெய் – 218
பால், தயிர் – 245
தேன் – 340

ஆழாக்கில் அளந்த மைதா எவ்வளவு? 125-ஐ 240-ஆல் வகுத்து 168-ஆல் பெருக்குங்கள்: 87.5 கிராம்.

தகராறு செய்வது மைதாதான். கரண்டியால் தளர்வாக அள்ளிப் போட்டு மேலே வழித்துவிட்டால் 120–125 கிராம். டப்பாவுக்குள் கப்பை விட்டு அமுக்கி அள்ளினால் அதே கப்பில் 150 வரை ஏறிவிடும். 3 கப் மாவில் இது 75 கிராம் கூடுதல். கேக் வறண்டு, மேலே வெடித்துப் போவதற்கு அதுவே போதும். குறிப்பு எழுதியவர் எப்படி அள்ளினார் என்று தெரியாவிட்டால் 125 என்றே வையுங்கள். கலவை தளர்வாக இருந்தால் ஒரு கரண்டி மாவு சேர்த்துக்கொள்ளலாம். சேர்த்த மாவைத் திரும்ப எடுக்க முடியாது.

பிரவுன் சுகர் கேட்கும் குறிப்புக்கு நாட்டுச் சர்க்கரை போடுபவர்கள் கப்பைத் தொடவே வேண்டாம். அமெரிக்கக் குறிப்பில் பிரவுன் சுகர் 1 கப் என்பது அமுக்கி நிரப்பியது, சுமார் 215 கிராம். ஐப்பசி, கார்த்திகை மழையில் நாட்டுச் சர்க்கரை ஈரம் இழுத்துக் கட்டி தட்டியிருக்கும். கட்டிகளுக்கு நடுவே காற்றுதான், கப் நிறைந்தாலும் எடை நிறையாது.

அமெரிக்கக் குறிப்பில் வரும் ‘1 ஸ்டிக்’ வெண்ணெய் 113 கிராம். நம் 100 கிராம் பாக்கெட்டை அப்படியே போட்டுவிட்டால் ஒரு மேசைக்கரண்டி குறையும். வீட்டில் கடைந்த வெண்ணெயென்றால் மோர் போகப் பிழிந்துவிட்டு நிறுங்கள்.

பேக்கிங் பவுடர், சோடா, உப்பு மூன்றையும் ஸ்பூனிலேயே விட்டுவிடலாம். 5 கிலோ வரை நிறுக்கும் சமையலறைத் தராசு 2, 3 கிராமைச் சரியாகப் பிடிக்காது. அதிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவினால் எண் அசையாமலே நிற்கும், நாமும் மேலும் மேலும் போட்டுக்கொண்டிருப்போம். மின்விசிறியை நிறுத்திவிட்டு நிறுங்கள். தராசின் மேலேயே சந்தேகமா? பிரிக்காத 500 மி.லி. பால் பாக்கெட்டைத் துடைத்து வையுங்கள். 515 கிராமுக்குச் சற்று மேலே காட்ட வேண்டும்.

எல்லாப் பொருளையும் ஒரே கப்பால் அளந்தால் 240, 250 வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. முட்டை மட்டும் அந்தக் கணக்கில் சேராது. அமெரிக்கக் குறிப்பின் பெரிய முட்டை ஓடு நீங்க 50 கிராம்; நம் கடை முட்டை பலதும் அதைவிடச் சிறியது. உடைத்து அடித்து எடை பார்த்து, குறைந்தால் இன்னொரு முட்டையிலிருந்து தேவையான அளவு ஊற்றிக்கொள்ளுங்கள்.